வேலைக்கு மூன்று இலட்சம் கேட்கிறார்களா? கொடுக்க முன் வாசியுங்கள்

அஸ்ஸலாமு அலைக்கும். ஏ.எல். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் மகனை நினைத்து வவுனியா, மன்னார், முல்லைத்தீவுப் பக்கத்து வாப்பாமார் அடிக்கடி கேட்பது: "லீசிங் கம்பனியில வேலை கிடைச்சிருக்கு, கூடுமா?" வாகனத்துக்கும் பொருளுக்கும் வட்டியோடு தவணைக் கடன் கொடுக்கும் கம்பனி என்பதால், மார்க்கத்தில் ஆகுமா என்று கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அரச கந்தோர் வேலை எடுத்துத் தருவதாகச் சொல்லும் தரகருக்கு மூன்று இலட்சம் கொடுக்கக் காணியை ஈடு வைக்கும்போது, அது கூடுமா என்று யாரும் கேட்பதில்லை. 1990இல் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு, புத்தளத்தில் அகதியாக இருந்து ஊர் திரும்பிய குடும்பத்துக்கு அரச சம்பளம் எவ்வளவு பெரிய பிடிமானம் என்பது விளங்குகிறது. இருந்தாலும் அந்தக் காசு லஞ்சம்தான். கொடுப்பவர், வாங்குபவர் இருவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது.

"தன் உரிமையைப் பெற வேறு வழியே இல்லாவிட்டால்?" என்று கேட்பார்கள். அந்த நிலையை உலமாக்கள் தனியாகப் பேசியிருக்கிறார்கள். நியமனம் அப்படிப்பட்ட உரிமை அல்ல. போட்டிப் பரீட்சையில் உங்கள் மகனைவிடக் கூடுதல் புள்ளி எடுத்த மாங்குளத்துப் பிள்ளையின் இடம் அது. தரகர் பற்றுச்சீட்டு தரமாட்டார். நியமனப் பட்டியலில் பெயர் வராவிட்டால் பொலிஸில் முறையிடவும் உங்களுக்குக் கூசும்.

சிபாரிசு எல்லாமே தவறல்ல. நல்ல பரிந்துரைக்கும் கெட்ட பரிந்துரைக்கும் அவரவர் பங்கு உண்டு என்கிறது குர்ஆன் (4:85). "இந்தப் பிள்ளை வெல்டிங்கில் என்.வி.கியூ. 4 (தேசியத் தொழில் தகைமை) முடித்தவன், கை சுத்தம்" என்று தெரிந்தவர் சொல்வது சாட்சியம். "எங்கட ஆள், போட்டுவிடுங்கள்" என்பது அடுத்தவன் பங்கைப் பறிப்பது. மூஸா நபியைக் கூலிக்கு அமர்த்தச் சொன்ன பெண் வைத்த அளவுகோல் இரண்டுதான்: வலிமை, நம்பிக்கை (28:26). வலிமை என்பது அந்த வேலைக்கான திறமை. ஆகவே மூன்று இலட்சம் இருந்தால் அதைத் தொழிற்பயிற்சிக்கும் கருவிகளுக்கும் போடுங்கள்.

வேலை கிடைத்த பிறகு பார்க்க வேண்டியது ஒப்பந்தம். என்ன வேலை, எத்தனை மணித்தியாலம், எவ்வளவு சம்பளம் என்பது முன்கூட்டியே தெரியாத கூலி உடன்படிக்கையை ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டவியல்) குறையுள்ளதாகவே பார்க்கிறது. "வாங்க, பார்த்துத் தாறன்" என்ற பேச்சில்தான் பிறகு சண்டை வருகிறது. நியமனக் கடிதம் கேளுங்கள். கடை, கந்தோர் வேலை என்றால் சட்டப்படி நாளுக்கு 8, வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. ஊழியர் சேமலாப நிதிக்கு மகனிடம் 8 வீதம் கழிப்பார்கள், முதலாளி 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதம் முழுக்க முதலாளியுடையது. 40,000 ரூபாய் சம்பளத்தில் மகனுடைய 3,200, முதலாளியின் 4,800, அதன்மேல் நம்பிக்கை நிதிக்கு அவருடைய 1,200. "சேமலாப நிதி வேண்டாம், கையில கூட்டித் தாறன்" என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். அப்படி விட்டுக்கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. கழித்த 3,200 ரூபாயை நிதிக்குக் கட்டாமல் வைத்திருப்பது அமானித மோசடி, நம்பி ஒப்படைத்ததை ஏமாற்றுவது. சம்பளச் சீட்டை மாதாமாதம் சேர்த்து வையுங்கள். தொழில் திணைக்களத்தில் முறையிடும்போது அதைத்தான் கேட்பார்கள்.

இனி லீசிங். வட்டி வாங்குபவர், கொடுப்பவர், எழுதுபவர், இரு சாட்சிகள் எல்லாரும் சமம் என்கிறது ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் உள்ள ஹதீஸ். கடன் பத்திரம் தயாரிப்பதும் தவணை வசூலிப்பதும் நேரடியாக இதற்குள் வரும். அதே கட்டடத்தில் காவலாளி, துப்புரவு வேலை பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. ஊர் மௌலவியிடம் வேலையின் விவரத்தை முழுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஏற்கனவே சேர்ந்துவிட்டவனை நாளைக்கே விலகச் சொல்லிக் குடும்பத்தைக் கடனில் தள்ளுவதற்கு முன்னும் அவரிடம் கேளுங்கள். வேறு வேலை தேடுவதை மட்டும் இன்றைக்கே தொடங்க வேண்டும். கணக்கியல் படித்த பிள்ளைக்கு இஸ்லாமிய வங்கிப் பிரிவுகள், நெல் ஆலைகள், கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன.

உங்களுக்கே கடை இருந்தால் இவை அத்தனையும் உங்களுக்கும் பொருந்தும். கூலிக்கு ஆள் பிடித்து வேலையை முழுக்க வாங்கிக்கொண்டு சம்பளம் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் சொல்வது புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது சொந்தக்காரன், சொந்த மார்க்கத்தவன் என்று மட்டும் பார்க்காதீர்கள். மக்காவிலிருந்து மதீனாவுக்குப் போன ஹிஜ்ரத்தின்போது நபியவர்கள் வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்திய அப்துல்லாஹ் இப்னு உரைகித் முஸ்லிம் அல்ல. பாதை தெரிந்தவர், நம்பிக்கையானவர்.

மகனுடைய நியமனக் கடிதம் கைக்கு வந்ததும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை உம்மாவிடம் கொடுத்து வையுங்கள்.