திருப்பூர் வேலையோடு சிஏ இன்டர் முதல் குரூப்பைத் திரும்ப எழுத நேரம் பிரிப்பது

சிஏ (பட்டயக் கணக்காளர்) இன்டர் தேர்வின் முதல் குரூப் மூன்று தாள்களில் அக்கவுண்ட்ஸ் 63, லா (சட்டம்) 38, டாக்ஸ் (வரி) 44 என்று மார்க் போட்டுவிட்டு, பனியன் கம்பெனி கணக்கு வேலையோடு மூன்றையும் மறுபடி எப்படிப் படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் வேண்டாமுங்க! 60க்கு மேல் எடுத்ததால் அக்கவுண்ட்ஸுக்கு அடுத்த மூன்று தேர்வுகளுக்கு விலக்கு உண்டு, அந்த 63 மொத்தத்திலும் சேரும். குரூப்பில் தேர்ச்சி பெற மூன்று தாளுக்கும் சேர்த்து 150 வேண்டும், ஆக மீதி இரண்டிலும் சேர்த்து 87. தாளுக்குக் குறைந்தபட்சமான 40 மட்டும் எடுத்தால் 80தான் வரும், அது போதாது.

உங்கள் மாதத்தில் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் ஜிஎஸ்டி ரிட்டர்ன், சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா. அந்த நாட்களில் படிப்பை வைக்கவே வைக்காதீர்கள், நடக்காத திட்டம் மனதைத்தான் உடைக்கும். மற்ற நாட்களில் விடியற்காலை ஒன்றரை மணி நேரம் லாவுக்கு. படிப்பதைவிட எழுதுங்கள், கம்பெனிச் சட்டத்தில் விதி, கேள்வியின் விவரத்தோடு பொருத்தம், முடிவு என்று எழுதிப் பழகாததால்தான் நிறையப் பேருக்கு 38லேயே நின்றுவிடுகிறது. டாக்ஸ் இரவில், அதிலும் ஜிஎஸ்டி பாதி மார்க், நீங்கள் தினமும் கையில் பார்க்கிற வேலை. பழைய புத்தகத்தை மட்டும் நம்பாதீர்கள், உங்கள் தேர்வுக்கு எந்தத் திருத்தங்கள் பொருந்தும் என்று தேர்வை நடத்தும் இன்ஸ்டிடியூட் (ஐசிஏஐ) இணையதளத்தில் பாருங்கள்.

ஞாயிறு காலை மூன்று மணி நேரம் ஒரு முழு மாதிரித் தாள், அப்புறம் ஓய்வு. கடைசி மூன்று வாரம் லீவு கேட்க இப்போதே முதலாளியிடம் பேசிவிடுங்கள்.