மெடிக்கலில் 152, மச்சான் வீட்டில் 134: எந்த பிரஷரை நம்புவது?

விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் 44 வயது வாசகர் கேட்கிறார்: "போன மாதம் மெடிக்கலில் பிரஷர் பார்த்தபோது 152/96. அதே வாரம் மச்சான் வீட்டு மெஷினில் 134/84. தலைவலி, கிறுகிறுப்பு எதுவும் இல்லை. மாத்திரையைத் தொட்டால் ஆயுசுக்கும் விட முடியாது, தாம்பத்தியத்துக்கும் ஆகாது என்கிறார்கள். என்ன செய்யட்டும்?"

தலைவலி இல்லை என்பதை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். மேல் அளவு 170 இருந்தும் கல்யாண வீட்டில் தெம்பாகப் பந்தி விசாரித்துக்கொண்டிருக்கிற ஆட்கள் எத்தனையோ பேர். பெண்களுக்குப் பிரசவ காலத்திலாவது கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிடுவார்கள். நம் ஆண்களுக்கு நாற்பது தாண்டியும் அந்தச் சந்தர்ப்பம் வாய்ப்பதில்லை.

சரி, எந்த எண் நிஜம்? ஒரே ஒரு தடவை பார்த்த எதையும் நம்ப முடியாது. மெடிக்கலில் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசியுங்கள்: வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு வந்த கையோடு, டீ குடித்த சூட்டில், சட்டைக் கையை இறுக்கமாகச் சுருட்டி, கை தொங்க, வியாபாரம் எப்படி என்ற பேச்சும் நடுவில். இதில் பல விஷயங்கள் தனித்தனியாகவே அளவை ஏற்றிக் காட்டக்கூடியவை. சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தால்கூட ஏறும்.

அதனால் மேல்கையில் கட்டுகிற மெஷின் ஒன்று வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், கைக்கடிகாரத்தில் வருகிற எண்ணும் வேண்டாம். பட்டை உங்கள் கைக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். சாதாரணமாகக் கூட வருவது பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுக்கானது, பருத்த கைக்கு அதைக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, டீ, சிகரெட் எதுவும் தொடாமல், நாற்காலியில் முதுகைச் சாய்த்து, கால் இரண்டும் தரையில் படும்படி, காலுக்கு மேல் கால் போடாமல் 5 நிமிடம் உட்காருங்கள். வெறும் கையில் பட்டை, நெஞ்சு உயரத்துக்கு மேஜையில் கை, வாயைத் திறக்கவே கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து எழுதுங்கள், ராத்திரியும் அப்படியே. ஏழு நாள் எழுதி, முதல் நாளை அடித்துவிட்டு மீதிக்குச் சராசரி போடுங்கள். மேல் அளவு 135 அல்லது கீழ் அளவு 85, இரண்டில் ஒன்று தொட்டிருந்தாலும் அது உயர் ரத்த அழுத்தம்தான். மருத்துவரிடம் பார்க்கும்போது அதே கோடு 140/90. உங்கள் 134/84 வீட்டுக் கோட்டுக்கு ஒரே ஒரு எண் கீழே நிற்கிறது, அதனால்தான் இந்த ஒரு வார வேலை.

சராசரி எப்படி வந்தாலும் உப்பைக் குறைக்க வேண்டியதுதான். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன், என்கிறது உலக சுகாதார நிறுவனம். "சாப்பாட்டில் உப்பே கம்மிதான் டாக்டர்" என்பவரின் இலையில் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் மூன்றும் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்பு வேறு. கடை சாத்திவிட்டுப் போகிற வழியில் பரோட்டாவைச் சால்னாவில் ஊறப்போட்டுச் சாப்பிட்டால் அன்றைய உப்பில் பெரும்பங்கு அந்தத் தட்டிலேயே முடிந்தது. இந்துப்பு மாற்றினேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள், அதுவும் சோடியம்தான். பொட்டாசியம் கலந்த உப்பு உதவும். ஆனால் சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, சிலவகை பிரஷர் மாத்திரை எடுத்தாலோ ஆபத்து, கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நடை வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம், மூச்சு கொஞ்சம் வாங்குகிற வேகத்தில். தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு அங்கேயே வடையும் சாப்பிடுகிற கோஷ்டியில் சேராதீர்கள். குடியும் பிரஷரை ஏற்றும். இடுப்பு வலிக்கு நீங்களாக வாங்கிப் போடுகிற டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரையும் ஏற்றும், அதை யாரும் மருத்துவரிடம் சொல்வதில்லை. அப்புறம் குறட்டை. நடுநடுவே மூச்சு நிற்கிற மாதிரி இருக்கிறதா என்று வீட்டில் கேளுங்கள், இருந்தால் அதற்குத் தனி சிகிச்சை உண்டு.

தாம்பத்தியம் பற்றி நீங்கள் கேட்டது நல்லது. பலர் கேட்காமலே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் உயர் பிரஷரே ரத்தக் குழாய்களைக் கெடுத்து விறைப்பைக் குறைக்கும். சில மாத்திரைகள், குறிப்பாகப் பழைய பீட்டா பிளாக்கர்களும் சிறுநீர் அதிகம் போக வைக்கிற வகையும், கொஞ்சம் தொந்தரவு தரலாம். சொன்னால் மாற்றித் தருவார்கள், அப்படித் தொந்தரவு தராதவை நிறைய உண்டு. ஆயுசுக்குமா என்றால், பெரும்பாலோருக்கு நீண்ட காலத்துக்கு. எடையும் உப்பும் குறைந்து சிலருக்கு மாத்திரையின் அளவு குறைக்கப்படுவதும் உண்டு, ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது மருத்துவர். திடீரென்று நிறுத்தினால் சில மாத்திரைகளில் பிரஷர் எகிறிவிடும். செலவுதான் கவலையென்றால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது.

ஒரு வாரம் எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். பிரஷர் இருப்பது உறுதியானால் சர்க்கரை, கிரியாட்டினின், பொட்டாசியம், கொழுப்பு, சிறுநீரில் புரதம், ஒரு ஈசிஜி பார்க்கச் சொல்வார். சராசரி 160/100-ஐத் தொட்டால் உப்பைக் குறைத்துப் பார்க்கிறேன் என்று நாள் கடத்தாதீர்கள். 180/120-க்கு மேல் காட்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கை கால் தளர்வு, பேச்சுக் குழறல், பார்வை மங்கல் இதில் எது வந்தாலும், நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்கச் சொல்கிற பக்கத்துக்கடைக்காரர் பேச்சைக் கேட்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.