ரப்பரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

வணக்கம்.

உங்கள் எழுத்தைத் தொடர்ந்து வாசிக்கிறேன். இன்றைக்கு இலக்கியக் கேள்வி இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. வீட்டுப்பாடம் முடிக்க தினமும் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. தப்பாக எழுதினால் உடனே அழித்துவிட்டுத் திரும்ப எழுத வைக்கிறேன். நோட்டு சுத்தமாக இருக்கிறது. ஆனால் பாதி நாள் அழுதபடியேதான் தூங்கப் போகிறாள். பாடத்தைக் கடகடவென்று வாசிக்கிறாள். அதே சொல்லை வேறு எங்கேயாவது காட்டினால் முழிக்கிறாள். கூட்டலுக்கு இன்னும் விரல்தான். கூடாது என்று சொன்னதிலிருந்து மேசைக்கு அடியில் கையை வைத்து எண்ணுகிறாள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கணக்கு என்றால் பயம். அது இவளுக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்று கவலையாக இருக்கிறது. என் கணவர், "விடு, எல்லாம் தானாக வந்துவிடும்" என்கிறார். விட்டுவிடலாமா, டியூஷனுக்கு அனுப்பலாமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்,

இலக்கியக் கேள்வியைவிட இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது எனக்குப் பிடிக்கும். சில காலம் சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தப் பழக்கத்தில் கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுவேன்.

முதலில் அந்தச் சுத்தமான நோட்டு. காலையில் அதை வாங்கிப் பார்க்கும் ஆசிரியருக்கு என்ன தெரியும்? எல்லாம் சரி, இவளுக்குப் புரிந்துவிட்டது, அடுத்த பாடத்துக்குப் போகலாம் என்றுதான் தெரியும். உங்கள் மகளுக்கு எது வரவில்லை என்று வகுப்புக்குச் சொல்ல வேண்டியது அந்த நோட்டு. அதை நீங்கள் ராத்திரியே துடைத்து அனுப்பிவிடுகிறீர்கள்.

52இலிருந்து 38ஐக் கழிக்கச் சொன்னால் 26 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய உண்டு. பார்த்தால் கவனக்குறைவு மாதிரி தெரியும். எப்படி வந்தது என்று கேட்டால் பிசகில்லாமல் சொல்வார்கள்: இரண்டில் எட்டு போகாது, அதனால் எட்டில் இரண்டை எடுத்தேன், ஆறு; ஐந்தில் மூன்று போனால் இரண்டு. பெரியதிலிருந்துதான் சின்னதை எடுக்க வேண்டும் என்று என்றைக்கோ கேட்டதை ஒவ்வொரு இலக்கத்துக்கும் தனித்தனியாகப் பொருத்தியிருக்கிறது அந்தப் பிள்ளை. நூற்றைந்தை 1005 என்று எழுதுவதும் இப்படித்தான். 100, பக்கத்தில் 5. காதில் விழுந்ததை அப்படியே எழுதியாகிவிட்டது. இரண்டுக்கும் வேர் ஒன்றே, இடமதிப்பு இன்னும் பிடிபடவில்லை. "26 தப்பு, 14 என்று எழுது" என்றால் அந்த ஒரு கணக்கு சரியாகும், அடுத்த கணக்கில் அதே தப்பு திரும்ப வரும். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் கையில் கொடுத்து, ஒரு கட்டைப் பிரித்துக் கழிக்கச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.

அதனால் ரப்பரை எடுப்பதற்கு முன்னால் "இது எப்படி வந்தது?" என்று கேளுங்கள். சரியான விடைக்கும் கேளுங்கள். தப்புக்கு மட்டும் கேட்டால், கேள்வி காதில் விழுந்ததுமே அவளே ரப்பரைத் தேட ஆரம்பித்துவிடுவாள். இந்த விஷயத்தில் பிள்ளைகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். சொல்லிக்கொண்டே வரும்போது தப்பு தானாகத் தெரிந்து அவளே திருத்தினால் நல்லது. தெரியவில்லையா, அப்படியே விட்டுவிட்டு ஓரத்தில் பென்சிலால் "இதில் திணறினாள்" என்று எழுதி அனுப்புங்கள்.

அடுத்தது நேரம். ஏழு வயதுக்கு ஒன்றரை மணி நேரம் மிக அதிகம். அமெரிக்காவில் ஒரு வகுப்புக்கு 10 நிமிடம் என்று வீட்டுப்பாடத்துக்கு ஒரு பொதுக்கணக்கு சொல்வார்கள். அதன்படி இரண்டாம் வகுப்புக்கு 20 நிமிடம். ஹாரிஸ் கூப்பரும் அவரோடு சேர்ந்தவர்களும் அந்த நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. பெரிய வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் இடையே தெரிகிற தொடர்பு, சின்ன வகுப்புகளில் மிகவும் மெலிந்திருக்கிறது என்பது அதில் வந்த முடிவுகளில் ஒன்று. இதை வைத்து வீட்டுப்பாடமே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் அழுகையைத் தவிர எதுவும் உள்ளே போவதில்லை. 25 நிமிடம் ஆனதும் நோட்டை மூடுங்கள். எவ்வளவு நேரம் உட்கார்ந்தாள், எதுவரை முடித்தாள் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் இதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், தேவையான தகவலாகத்தான் பார்ப்பார்கள். படுக்கும் நேரத்துக்கு முன்னாலேயே இதையெல்லாம் முடித்துவிடுங்கள். 6 முதல் 12 வயதுள்ள பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள்.

பத்து முறை எழுதச் சொல்லும் வழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும் என்று நினைக்கிறேன். நாலாவது தடவைக்கு மேல் கைதான் எழுதும், தலை வேறெங்கோ போயிருக்கும். அதற்குப் பதிலாகச் சொல்லைப் பார்க்க வேண்டும், மூட வேண்டும், நினைவிலிருந்து எழுத வேண்டும், திறந்து ஒப்பிட வேண்டும். இரண்டு தடவை போதும். மறுநாள் ஒரு தடவை, நாலு நாள் கழித்து ஒரு தடவை.

சரி, வாசிப்புக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது இதுதான், விரல் இல்லை. பாடத்தைக் கடகடவென்று சொல்பவள் அதே சொல்லை வேறு இடத்தில் பார்த்து முழிக்கிறாள் என்றால், அவள் பக்கத்தை மனப்பாடமாகச் சொல்கிறாள், படத்தையும் முதல் எழுத்தையும் வைத்து ஊகிக்கிறாள் என்று பொருள். இதில் அவள் ஏமாற்றுகிறாள் என்று நினைக்காதீர்கள். அவளைப் பொறுத்தவரை வாசிப்பு என்பதே அதுதான். சோதித்துப் பார்க்க ஒரு வழி: பாடத்தின் கடைசி வரியிலிருந்து மேலே வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் அதே எழுத்துகளை வைத்துப் பாடத்தில் இல்லாத இரண்டு மூன்று வாக்கியங்களை நீங்களே எழுதிக் காட்டுங்கள். எந்த எழுத்தில் நிற்கிறாள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் தெரிந்தவைதான். 'கெ', 'கே', 'கை' என்பதில் குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகப் போகும் கண் முதலில் பார்ப்பது கொம்பை. ஆனால் சொல்ல வேண்டியது அடுத்த எழுத்தோடு சேர்த்து. 'கொ', 'கோ' என்றால் இரண்டு பக்கமும் குறி. இதை யாராவது உட்கார வைத்துத் தனியாகக் காட்டினால்தான் பிடிபடும். 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிக்க வைத்தால் பிடிபடாது. இன்னொன்று, 'காகம்' என்பதில் வரும் இரண்டு ககரமும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை, 'தங்கம்' என்பதில் வேறு மாதிரி. பேச்சில் ஏற்கெனவே தெரிந்த சொல்லாக இருந்தால் பிள்ளை அதைச் சரியான ஒலிக்குத் தானாகத் திருப்பிக்கொள்ளும். தெரியாத சொல் என்றால் எழுத்துக்கூட்டி முடித்த பிறகும் விழிக்கும்.

கஃப், டன்மர் என்ற இருவர் 1986இல் சொன்ன எளிய கணக்கு இங்கே உதவும். எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கும் திறனையும், பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் கிடைப்பதே வாசித்துப் புரிந்துகொள்ளுதல் என்றார்கள். கூட்டல் என்று சொல்லவில்லை. பெருக்கலில் ஒரு பக்கம் சுழியானால் எல்லாம் சுழி. எனவே வீட்டில் இரண்டு வேலை, இரண்டையும் தனித்தனி நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, அவள் உங்களுக்கு வாசிப்பது. 10 நிமிடம், சுலபமான வரிகள். தடுமாறும் சொல்லில் மனசுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். படத்தைப் பார்த்துச் சொல் என்று சொல்லாதீர்கள். சொல்லின் பாதியை விரலால் மறைத்து முதல் பாதியைக் கூட்டச் சொல்லுங்கள். வரவே இல்லையென்றால் சொல்லிக்கொடுத்துவிட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து வாசிக்க வையுங்கள்.

இன்னொன்று, நீங்கள் அவளுக்கு வாசிப்பது. அவளால் தானாக வாசிக்க முடியாத, அவளுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் புத்தகம். பிள்ளை எழுத்துக்கூட்ட ஆரம்பித்ததும் "இனி நீயே படி" என்று பெற்றோர் வாசித்துக்காட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதில் கோபமே உண்டு. சொல்வளம் பெருகுவது அந்த நேரத்தில்தான். எழுத்துக்கூட்டி வாசிக்கும் நாலு வரிப் பாடத்தில் புதுச்சொல் எத்தனை இருந்துவிடப்போகிறது? வாசிக்கும்போது நடுவில் நிறுத்தி "ஏன் அப்படிச் செய்தான்?", "அடுத்து என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். குரோவர் வைட்ஹர்ஸ்ட்டின் குழு 1988இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு இப்படிக் கேட்டுக் கேட்டு வாசிக்கப் பழக்கிவிட்டார்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் பேச்சு, வழக்கம்போல் வாசித்துக்காட்டப்பட்ட பிள்ளைகளின் பேச்சைவிட முன்னேறியிருந்தது. ஏழு வயதுக்கும் இந்த வழி பொருந்தும் என்பது என் அனுபவம். ஆனால் பரீட்சை மாதிரி கேட்கக் கூடாது. அவளும் உங்களிடம் கேள்வி கேட்கட்டும்.

விரலை மேசைக்கு மேலே கொண்டுவாருங்கள். பிள்ளைகள் முதலில் எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். பிறகு 4 + 3 என்றால் நாலை மனதில் வைத்துக்கொண்டு ஐந்து, ஆறு, ஏழு என்பார்கள். பிறகு 2 + 7 என்றாலும் பெரிய எண்ணிலிருந்து தொடங்கலாம் என்று கண்டுபிடிப்பார்கள். பிறகு 6 + 7 என்பது 6 + 6, அதோடு ஒன்று என்று தெரியவரும். கடைசியில் நினைவில் தங்கிவிடும். உங்கள் மகள் இதில் எந்தப் படியில் நிற்கிறாள் என்பதை விரலைப் பார்த்தால்தானே தெரியும்? கையை ஒளித்து வைத்தால் உங்களுக்கும் தெரியாது. இன்னும் ஒன்றிலிருந்தே எண்ணுகிறாள் என்றால், அடுத்த படிக்குத் தள்ளிவிடப் பகடை போட்டுக் காய் நகர்த்தும் ஆட்டம் போதும். சீக்லரும் ரமணியும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிக்குப் போகாத வயதுப் பிள்ளைகளை 1 முதல் 10 வரை எண்ணிட்ட கட்டங்களில் விளையாட வைத்தார்கள்; மொத்தம் ஒரு மணி நேரம்தான் இருக்கும், எண்ணறிவு கூடியிருந்தது. நிறக் கட்டங்களில் விளையாடியவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. விளையாடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஐந்தில் நிற்கும் காயை இரண்டு கட்டம் நகர்த்தும்போது "ஒன்று, இரண்டு" என்று சொல்லாமல் "ஆறு, ஏழு" என்று சொல்ல வேண்டும்.

உங்கள் பயம் பற்றிக் கேட்டீர்கள். ஒட்டிக்கொள்ளும் என்றுதான் தெரிகிறது. 2015இல் முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கணக்குப் பயம் அதிகமுள்ள பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவிய வீடுகளில், பிள்ளைகள் அந்த ஆண்டு கணக்கைக் குறைவாகவே கற்றிருந்தார்கள், பயமும் கூடியிருந்தது. அதே பயமிருந்தும் அதிகம் உதவாத பெற்றோரின் பிள்ளைகளிடம் இது தெரியவில்லை. ஒரே ஆய்வை வைத்து உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். ஆனால் வேலையை மாற்றிக்கொள்ள இது நல்ல சாக்கு. தானாக வந்துவிடும் என்று நிம்மதியாக இருப்பவர்தானே உங்கள் கணவர்? கணக்கு நோட்டோடு உட்கார அவரைவிடப் பொருத்தமான ஆள் யார்? நீங்கள் வாசிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். "எனக்கும் கணக்கு வராது" என்ற வாக்கியம் மட்டும் அவள் காதில் விழ வேண்டாம்.

அவர் சொல்வதில் ஒரு பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. பேச்சு தானாக வரும், வாசிப்பு அப்படி வராது. அதை யாராவது கற்றுத்தர வேண்டும். மேலே சொன்ன மாதிரி இரண்டு மூன்று மாதம் பொறுமையாகச் செய்த பிறகும் நேற்றுக் கற்ற எழுத்து இன்று நினைவில் இல்லை, ஒலியும் எழுத்தும் சேரவே இல்லை என்றால் காத்திருக்காதீர்கள். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அப்புறம் டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று, அதைப் பற்றித் தெரிந்த ஒருவரிடம் மதிப்பிடச் சொல்லுங்கள், குடும்பத்தில் யாருக்காவது வாசிப்புச் சிரமம் இருந்திருந்தால் இன்னும் சீக்கிரமாக. அதற்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை. எழுத்தை எப்போதாவது திருப்பிப் போடுவது மட்டும் இந்த வயதில் அடையாளம் ஆகாது.

டியூஷன் இப்போதைக்கு வேண்டாம். அங்கேயும் நோட்டைத்தான் சுத்தமாக்குவார்கள்.

இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், பள்ளியில் அவளுடைய ஆசிரியர் என்ன சொல்கிறார் என்று ஒரு வார்த்தை இல்லை. நேரில் பார்த்து இரண்டு கேள்வி கேளுங்கள்: வகுப்பில் புதிய பத்தியைக் கொடுத்தால் வாசிக்கிறாளா? கழித்தலை வகுப்பில் எந்த முறையில் சொல்லித்தருகிறீர்கள்? இரண்டாவது முக்கியம், இல்லையென்றால் உங்கள் கணவர் தன் காலத்து முறையைச் சொல்லி இன்னும் குழப்பிவிடுவார். பதில் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள்.