பினாங்கில் டெரஸ் வீட்டைப் புதுப்பிக்கிறோம். பழைய வீடுகளின் தூண், தரைக்கல், ஜன்னல் வேலைப்பாடுகளை ஒட்டவைத்ததுபோல் தெரியாமல் சேர்ப்பது எப்படி?

பினாங்கின் பாயான் லெப்பாசில் எங்கள் வீட்டைப் புதுப்பித்தபோது நானும் இதே கேள்வியோடுதான் அலைந்தேன். அப்பாவுக்கு வாசலில் செட்டிநாட்டுத் தூண் மாதிரி இரண்டு வேண்டும். கட்டடக் குத்தகைக்காரர் ஃபைபரில் செய்த இரண்டு தூண்களைக் கொண்டுவந்து கார் நிறுத்தும் இடத்தில் நட்டுவிட்டுப் போனார். உள்ளே ஒன்றும் கிடையாது. கூரையின் பாரம் முழுக்கப் பக்கத்திலிருந்த கான்கிரீட் தூண்மேல். இரண்டு வருடத்தில் அடியில் தண்ணீர் இறங்கிப் பெயிண்ட் உரிந்துவிட்டது. அதைவிட எனக்கு உறுத்தியது, அவற்றில் யாரும் ஒருநாள்கூடச் சாய்ந்து உட்காரவில்லை. ஊரில் தூண் திண்ணையோடு இருக்கும். கூரையையும் தாங்கும், முதுகையும் தாங்கும். நாங்கள் திண்ணையை விட்டுவிட்டுத் தூணை மட்டும் வாங்கியிருந்தோம்.

அதனால் எது பிடித்தாலும், பழைய வீட்டில் அது என்ன வேலை செய்தது என்று முதலில் பாருங்கள். ஒரு நாள் மதிய வெயிலில் ஜார்ஜ் டவுன் அஞ்சடியில், அதாவது பழைய கடைவீடுகளின் முன்னால் ஓடும் கூரையிட்ட நடைபாதையில், நடந்தாலே பாதி புரிந்துவிடும். மேல்மாடி ஜன்னலின் சாய்வுப் பலகைகள் வெயிலை மறித்துக் காற்றை விடுகின்றன. சுவரின் உச்சியில் பூப்போல வெட்டிய துளைகள் வழியே சூடு வெளியேறுகிறது. ஒடுங்கி நீண்ட கடைவீட்டின் நடுவில் முற்றம் வெளிச்சம் தருகிறது.

கோலாலம்பூரில் 1984இல் கட்டி முடித்த டாயாபூமி என்ற அலுவலகக் கோபுரத்தைப் பாருங்கள். இஸ்லாமியப் பின்னல் வேலைப்பாடுதான் அங்கே வெயில் தடுப்பு. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இரண்டு சதுரங்களைப் பின்னிய எட்டுமுனை நட்சத்திரமே அதன் தரை வரைபடம். உள்மூலைகளை அரைவட்டங்களால் நிரப்பி இடத்தையும் கூட்டிக்கொண்டார்கள்.

எல்லா அலங்காரத்துக்கும் இப்படி வேலை இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. சீனக் கோவில் கூரைகளில் பீங்கான் கிண்ணங்களை நறுக்கி ஒட்டிய பூக்கள் கண்ணுக்காகவே செய்தவை. அப்படி ஆசைப்பட்டால் ஒரே ஒரு இடத்தில், நீங்கள் தினமும் பார்க்கும் சுவரில் வையுங்கள். வீடு முழுக்க இறைத்தால் எதுவுமே கண்ணில் நிற்காது.

சரி, நாங்கள் பிறகு என்ன செய்தோம்? வாசலில் ஒன்றரை அடி உயரத்தில் திண்ணை கட்டினோம். வாசல் கூரையை செங்கால் (chengal) என்ற உள்ளூர்க் கடின மரத்தில் செய்த இரண்டு தூண்கள்மேல் ஏற்றினோம். கடைசல் வேலை அதிகமில்லை, தூணின் உச்சியில் மட்டும் கொஞ்சம். நடுக்கூடம் பகலிலும் விளக்குப் போடும் அளவுக்கு இருட்டு. அங்கே கூரையைத் திறந்து முற்றம் வைத்தோம். மேலே கண்ணாடி போடுவதாக இருந்தால் கூரையிலிருந்து உயர்த்தி, நாலு பக்கமும் காற்றுப்போக விடுங்கள். மூடிவிட்டால் கீழே வெந்துபோவீர்கள். சாரல் உள்ளே வராமலிருக்க அந்த இடைவெளியில் சாய்வுப் பலகை போட்டோம்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல், முற்றத்தைச் சுற்றி மட்டும். அது சூளையில் சுட்ட ஓடு இல்லை; வண்ணச் சிமெண்டைக் கண்ணாடிமேல் ஊற்றிக் கையால் வார்ப்பது. ஈரம் ஏறும் தரையில் போட்டால் வெள்ளை பூக்கும். எனவே அடித்தளம் நன்றாகக் காய்ந்தபின் பதியுங்கள். எலுமிச்சை, புளி சிந்தினால் உடனே துடைத்துவிட வேண்டும். சமையலறைக்கு நான் சொல்லமாட்டேன்.

அப்புறம், உங்கள் வீடு ஜார்ஜ் டவுன் பாரம்பரிய வட்டாரத்துக்குள் இருந்தால் முகப்பில் கை வைக்கும் முன் மாநகர் மன்றத்தில் அனுமதி கேளுங்கள்.