சவுக்குத் தோப்பு மேடானது எப்படி? கடல் வெள்ளம் பற்றி ஒரு கணக்கு டீச்சரின் பதில்கள்

கடலூரில் இருந்துகொண்டு கடல் ஊருக்குள் எவ்வளவு தூரம் வரும் என்று கணக்குப் போடுவதே பல வருடமாக என் வேலை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கணிதம் படித்த நீங்கள் இதற்குள் எப்படி வந்தீர்கள், மேடம்? (எம்.எஸ்சி. மாணவி, மஞ்சக்குப்பம்)

2004 சுனாமிக்கு அப்புறம் தேவனாம்பட்டினம் போனேன். ஒரு வீட்டுச் சுவரில் என் தோள் உயரத்துக்குச் சேற்றுக் கோடு. அடுத்த தெருவில் அதுவே இடுப்பளவு. ஏன் இந்த வித்தியாசம் என்று யோசிக்க ஆரம்பித்தவள்தான், இன்னும் விடவில்லை.

புயல் அன்று கடல் ஏறுகிறதே, அதுவும் சுனாமி மாதிரிதானா டீச்சர்? (மீனவர், தாழங்குடா)

இல்லை தம்பி. சுனாமியின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. 4000 மீட்டர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர், 10 மீட்டர் ஆழத்தில் 36 தான். முன்னால் போகும் தண்ணீர் மெதுவாக, பின்னால் வருவது நெருக்க, அலை உயர்கிறது. புயலில் காற்று தள்ளுகிறது. காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் ஏறும். ஆழம் குறைந்த கரையில் காற்றின் தள்ளு இன்னும் அதிகம்.

வெள்ளத்தைக் கணிக்கும் கம்ப்யூட்டர் மாடல் காட்டாத இடத்திலும் தண்ணீர் வருகிறதே? (பொறியாளர், புதுச்சேரி)

பெரும்பாலும் சமன்பாட்டில் தப்பு இருக்காது, தரை உயரத்தில்தான் இருக்கும். 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடாரில் எடுத்த உயர வரைபடத்தைப் பலரும் பயன்படுத்துகிறோம். அடர்ந்த தோப்பில் ரேடார் தரை வரை இறங்காது, மரத்தின் உயரத்தையும் தரையோடு சேர்த்துக் காட்டிவிடும். எங்கள் முதல் மாடலில் சவுக்குத் தோப்பு ஒரு மேடாக நின்று கடலைத் தடுத்தது! தரை உயரத்தை அளக்கும் லெவல் கருவியோடு போய்ப் பார்த்த மாணவிதான் அதைக் கண்டுபிடித்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இன்னொன்று, ஆறு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அப்புறம் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரில் புகுந்தது. கடலை மட்டும் கணக்கில் எடுத்த மாடலுக்கு அது எப்படித் தெரியும்?

உங்களிடம் சேர கோடிங் தெரிய வேண்டுமா? (பி.எஸ்சி. மாணவர், நெல்லிக்குப்பம்)

வேண்டும், ஆனால் சொல்லித் தருகிறேன். இடத்தை 10 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, நொடிக்கு 10 மீட்டர் போகும் அலையைக் கணக்குப் போடும்போது, நேரத்தில் ஒரே தாவலாக ஒரு நொடிக்கு மேல் போனால் பல எளிய முறைகளில் கணக்கு வெடித்துவிடும், அதாவது எண்கள் தாறுமாறாக ஏறிவிடும். இதை ஒரு தடவை நீயே செய்து பார்த்தால் மறக்காது. முதல் வாரம் கம்ப்யூட்டரே கிடையாது. டேப்போடு தெருவில் இறங்கி, "தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு ஆயா?" என்று கேட்க வேண்டும். போன தடவை ஒரு பாட்டி ஜன்னல் கட்டையைத் தொட்டுக் காட்டினார். தரையிலிருந்து 94 சென்டிமீட்டர். எங்கள் மாடல் சொன்னது 60. சரி, ஞாயிறு காலை ஏழு மணிக்கு வா, மீதியை அந்தத் தெருவில் பேசலாம்.