வாசகர் கேள்வி – பதில்: ஈர்ப்பே வராதவர்களை எப்படி ஆராய்கிறார்கள்?

வண்ணாரப்பேட்டை வாசகர்: எம்.எஸ்ஸி. உளவியல் படிக்கிறேன். ப்ராஜெக்டுக்கு ஏசெக்ஷுவாலிட்டியை, அதாவது யார்மீதும் பாலியல் ஈர்ப்பு எழாத இயல்பை, எடுத்திருக்கிறேன். உடலுறவு அனுபவம் இல்லை என்று சொல்பவர்களைத் தனிக் குழுவாகப் பிரித்து ஆராயலாமா?

பதில்: கூடாது. அப்படிப் பிரித்தால் கல்யாணமாகாத பாதிக் கல்லூரியே உங்கள் குழுவுக்குள் வந்துவிடும். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற ஏசெக்ஷுவல் பெண்ணோ வெளியே நிற்பார். பிறர்மீது பாலியல் ஈர்ப்பு எழுகிறதா என்பதுதான் இங்கே அளவுகோல். அதன்படி நடந்துகொண்டார்களா என்பது வேறு கேள்வி. பிரம்மச்சரியம் ஒருவர் எடுக்கும் முடிவு. ஏசெக்ஷுவாலிட்டி யாரும் முடிவெடுத்து வருவதல்ல. காதல் உணர்வையும் தனியாகக் கேளுங்கள். உடல் ஈர்ப்பு இல்லாமலே காதலிப்பவர்கள் இவர்களில் நிறையப் பேர்.

2004இல் கனடாவின் உளவியல் ஆய்வாளர் ஆந்தனி போகார்ட், பிரிட்டனில் 18,000 பேருக்கு மேல் எடுத்த பாலியல் சர்வேயை அலசினார். 'யார்மீதும் எனக்குப் பாலியல் ஈர்ப்பு வந்ததே இல்லை' என்ற வரியைத் தேர்ந்தெடுத்தவர்கள் 195 பேர், அதாவது 1.05 சதவீதம். எல்லோரும் மேற்கோள் காட்டும் 'நூற்றில் ஒருவர்' இங்கிருந்து வந்ததுதான். ஆனால் அது ஒரே ஒரு வரியை நம்பிய கணக்கு. பாலியலில் நாட்டமில்லாதவர் பாலியல் சர்வேக்கே 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கவும் வாய்ப்புண்டு.

ஏசெக்ஷுவல் இணையக் குழுக்களிலிருந்து ஆள் சேர்த்தால் வேறொரு கோளாறு வரும். தன்னை அந்தப் பெயரால் அறிந்தவர்கள் மட்டுமே கிடைப்பார்கள். இதற்காகவே கனடா ஆய்வாளர்கள் யூல், பிராட்டோ, கோர்சால்கா மூவரும் 2015இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். 12 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 60. தங்களை ஏசெக்ஷுவல் என்று சொல்லிக்கொண்டவர்களில் 93 சதவீதம் பேர் 40ஐத் தொட்டார்கள் அல்லது தாண்டினார்கள். அந்தப் பெயரையே கேள்விப்படாதவரையும் இதால் அடையாளம் காண முடியும். ஆனால் 40 என்பது அவர்கள் சேர்த்த ஆட்களை வைத்து வந்த எல்லை. தமிழில் கொடுக்கும்போது அப்படியே நம்பாமல் முதலில் சிறு குழுவிடம் சோதித்துப் பாருங்கள்.

கேட்கும் இடமும் முக்கியம். ஒற்றை அறை வீட்டில், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, வீட்டுக்கே பொதுவான போனில் கூகுள் ஃபார்ம் நிரப்பும் பெண் உண்மையை எழுத மாட்டார். பெயரில்லாத தாள், ஒட்டிய கவர், கல்லூரியில் தனி அறை, 18 வயது நிரம்பியவர்கள் மட்டும், நெறிமுறைக் குழுவின் அனுமதி: இவ்வளவும் வேண்டும்.

தண்டையார்பேட்டை வாசகி: வயது 29. யார்மீதும் அப்படி ஓர் ஆசை வந்ததே இல்லை. வீட்டில் வரன் பார்க்கிறார்கள். 'ஹார்மோன் குறை, டெஸ்ட் எடு' என்கிறாள் தோழி. எனக்கு வியாதியா?

பதில்: இல்லைம்மா. முன்பு இருந்து இப்போது குறைந்திருந்தால்தான் காரணம் தேட வேண்டும். தைராய்டு கோளாறு, புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடுவது, மனச்சோர்வு, அதற்குத் தரும் சில மாத்திரைகள் எல்லாமே ஆசையைக் குறைக்கும். தொடக்கத்திலிருந்தே இப்படித்தான், இதனால் உங்களுக்கு மன உளைச்சலும் இல்லை என்றால் சிகிச்சை தேவையில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013 கையேடும், தன்னை ஏசெக்ஷுவல் என்று அறிந்தவருக்கு ஆசைக் குறைபாட்டு நோய் என்று முத்திரை குத்தக் கூடாது என்கிறது. உடல் பழுது என்றும் பயப்படாதீர்கள். 2011இல் பிராட்டோவும் யூலும் ஆய்வகத்தில் அளந்தபோது, பாலியல் காட்சிகளுக்கு ஏசெக்ஷுவல் பெண்களின் உடல் மற்ற பெண்களைப் போலவே எதிர்வினை காட்டியது.

கல்யாணப் பேச்சினால் வரும் உளைச்சல் வேறு. அதற்கு மனநல ஆலோசகரிடம் தாராளமாகப் போகலாம். 'மாற்றிக் காட்டுகிறேன்' என்பவரிடம் மட்டும் போகாதீர்கள். சென்னை உயர் நீதிமன்ற வழக்கையடுத்து, பாலீர்ப்பை மாற்றும் சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இலேயே அறிவித்துவிட்டது. வரன் முடிவாவதற்கு முன் மாப்பிள்ளையிடம் இதை நேராகப் பேசிவிடுங்கள். அந்தப் பேச்சுக்கு வீட்டார் இடம் தராவிட்டால், கல்யாணத்தைத் தள்ளிப்போட உங்களுக்கு முழு உரிமை உண்டு.