பூட்டிய அறைக்குள் கோப்பைப் பிரிப்பது யார்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். உளவு அமைப்புகளை நாடாளுமன்றம் எப்படி மேற்பார்வையிடுகிறது என்ற உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஒரு சந்தேகம். சில உறுப்பினர்களைப் பூட்டிய அறையில் உட்காரவைத்து, ரகசியம் காப்பதாக உறுதிமொழியும் வாங்கிக்கொண்டுதான் விஷயத்தைச் சொல்கிறார்கள். வெளியே வந்தால் அவர்கள் வாய் திறக்க முடியாது. நாளைக்குத் தவறு வெளிப்பட்டால், 'உங்களிடம் அப்போதே சொன்னோமே' என்று அமைப்பு கைகழுவிவிடும். இது மேற்பார்வையா, வாய்ப்பூட்டா? நீதிமன்றமும் பத்திரிகையும் போதாதா?

க.

அன்புள்ள க.,

நீங்கள் சொல்வது நடந்திருக்கிறது. 2003 ஜூலை 17 அன்று, அமெரிக்க செனட் உளவுக் குழுவின் துணைத்தலைவர் ஜே ராக்கஃபெல்லர், துணை அதிபர் டிக் செய்னிக்கு ஒரு கடிதம் எழுதினார். கையால் எழுதினார். நீதிமன்ற ஆணை இல்லாமல் நடந்த ஒட்டுக்கேட்புத் திட்டம் பற்றி அன்று அவருக்கு விளக்கியிருந்தார்கள். அதைத் தன் அலுவலர்களிடமோ வழக்கறிஞரிடமோ பேசக்கூடாது என்பது நிபந்தனை. அதனால் தட்டச்சு செய்யக்கூட ஆளில்லை. தான் தொழில்நுட்பம் அறிந்தவரும் அல்ல, சட்டம் படித்தவரும் அல்ல, ஆகவே இதை எடைபோடத் தன்னால் முடியவில்லை என்று எழுதி, ஒரு பிரதியை உறையிலிட்டு ஒட்டிக் குழுவின் பாதுகாப்பறையில் வைத்தார். 2005 டிசம்பரில் பத்திரிகையில் திட்டம் அம்பலமான பிறகுதான் அக்கடிதமும் வெளியே வந்தது.

இதில் கோளாறு ரகசியத்தில் இல்லை என்பது என் கருத்து. அவரைத் தனியாளாக உட்காரவைத்ததுதான் கோளாறு. எதிரே ஒரு பெரிய அமைப்பு, தன் பொறியாளர்களோடும் வழக்கறிஞர்களோடும். இந்தப் பக்கம் ஒருவர், குறிப்பெடுக்கக்கூட உதவியாளர் இல்லாமல். அப்படிப்பட்ட சந்திப்பில் தகவல் சொல்லப்படும், ஆனால் சோதிக்கப்படாது. ஆகவே ஒரு குழுவுக்குப் பல் இருக்கிறதா என்று பார்க்க, சட்டத்தில் அதற்கு என்ன பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்காதீர்கள். ரகசியக் கோப்பைப் படிக்க அனுமதி பெற்ற சொந்த அலுவலர்கள் எத்தனை பேர், அவர்களைக் குழு வேலைக்கு வைத்ததா, அமைப்பு இரவல் கொடுத்ததா என்று பாருங்கள்.

அலுவலர்கள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே செனட் குழுவே சாட்சி. அமெரிக்காவின் வெளிநாட்டு உளவு அமைப்பான சிஐஏ கைதிகளைச் சித்திரவதை செய்தது பற்றிய விசாரணைக்குக் கோப்புகளைக் குழுவின் அலுவலகத்துக்கு அனுப்ப சிஐஏ சம்மதிக்கவில்லை. வர்ஜீனியாவில் தான் வாடகைக்கு எடுத்த கட்டடத்தில், தனியாக அமைத்த கணினிகளில் வந்து படிக்கச் சொன்னது. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் வந்து குவிந்தன. பொருளடக்கம் கிடையாது, வரிசை கிடையாது. குழுவின் ஆட்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து படித்தார்கள். 2010-இல், முன்பு பார்த்த சில ஆவணங்கள் இப்போது இல்லையே என்று கவனித்தார்கள். விசாரித்தபோது, முதலில் சுமார் 870, பிறகு சுமார் 50 ஆவணங்கள் சத்தமில்லாமல் நீக்கப்பட்டது தெரிந்தது. முன்பே படித்தவர் இருந்ததால்தான் காணாமல் போனது கண்ணில் பட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து விளக்கம் கேட்டுவிட்டுப் போகும் உறுப்பினருக்கு இது தெரியவே வாய்ப்பில்லை. 6,700 பக்கங்களைத் தாண்டிய முழு அறிக்கைக்கு 2012 டிசம்பரில் குழு ஒப்புதல் தந்தது. அதன் சுருக்கத்தை மட்டும் வெளியிட, எந்த வரிகளைக் கறுப்படித்து மறைப்பது என்ற இழுபறியில், இரண்டு ஆண்டுகள் ஆயின.

கறுப்படிக்கும் பேனா யார் கையில் என்பது அடுத்த முக்கியமான கேள்வி. பிரிட்டனில் நாடாளுமன்றத்தின் உளவு, பாதுகாப்புக் குழுவின் அறிக்கை முதலில் பிரதமரிடம் போகும். எந்தப் பகுதியை நீக்குவது என்று குழுவோடு கலந்துபேச வேண்டும், ஆனால் முடிவு அவருடையது. நீக்கிய இடத்தில் மூன்று நட்சத்திரக் குறிகள் நிற்கும். ரஷ்யா பற்றிய அறிக்கை 2019 அக்டோபரில் பிரதமரிடம் போய், 2020 ஜூலை 21 அன்றுதான் மக்கள் கைக்கு வந்தது. நடுவில் ஒரு பொதுத்தேர்தலே முடிந்துவிட்டது. தாமதிக்க முடியும் என்றால் மறுக்கத் தேவையே இல்லை.

நீதிமன்றத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நீதிபதி தன் முன் வந்த மனுவை மட்டும் பார்ப்பார். மனுவே போடப்படாத திட்டம் அவர் மேசைக்கு வராது. பத்திரிகைக்கு உள்ளிருந்து யாராவது தகவல் தர வேண்டும். அந்த ஒருவர் வரும்வரை காத்திருப்பதை முறை என்று சொல்ல முடியாது. இந்த இரண்டுமே தொடாத இடம் பணம். எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு, போன ஆண்டு கொடுத்தது என்ன ஆயிற்று என்று கேட்கும் உரிமை நாடாளுமன்றத்துக்கு மட்டும்தான் உண்டு. ஜெர்மனியில் உளவு அமைப்புகளின் ரகசிய வரவுசெலவை அதற்கென்றே உள்ள ஒரு சிறு குழு பார்க்கிறது. அதுபோக, அங்குள்ள நாடாளுமன்றக் கட்டுப்பாட்டுக் குழு 2009 முதல் அரசியல் சட்டத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. கோப்பு கேட்கலாம், அலுவலகத்துக்குள் போகலாம், கீழ்நிலை ஊழியரையும் விசாரிக்கலாம். இந்தக் கடைசி உரிமை சின்ன விஷயமல்ல. பிரிட்டன் குழு கைதிகளை நடத்திய விதம் பற்றிய விசாரணையை, சம்பந்தப்பட்ட அதிகாரிகளைச் சந்திக்க அரசு விடாததால், முடிவுக்கு வராமலே நிறுத்த வேண்டியதாயிற்று. 2018-இல் அதைத் தன் அறிக்கையிலேயே எழுதியது.

நார்வே இன்னும் ஒருபடி மேல். நாடாளுமன்றம் நியமிக்கும் ஏழு பேர் கொண்ட குழு, உளவு அமைப்பின் கணினிகளில் தானே தேடிப் பார்க்கிறது. எடுத்துக் கொடுப்பதைப் படிப்பதற்கும் தானே தேடுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் வரும். என்ன கேட்பது என்பது உள்ளே தேடினால்தான் தெரியும்.

ஆனாலும் எல்லாக் குழுக்களும் முட்டிக்கொள்ளும் சுவர் ஒன்று உண்டு. வெளிநாட்டு அமைப்பு தந்த தகவலை, தந்தவர் சம்மதமின்றி வேறு யாருக்கும் காட்டக்கூடாது என்பது உளவு அமைப்புகளுக்கிடையே உள்ள வழக்கம். அந்த 'வேறு யார்' பட்டியலில் தன் நாட்டு நாடாளுமன்றத்தையும் சேர்த்துவிடுகிறார்கள். ஒட்டுக்கேட்புக்காக அமெரிக்க உளவு முகமை தந்த தேடுசொற்களின் பட்டியலை ஜெர்மன் நாடாளுமன்ற விசாரணைக் குழு கேட்டபோது, 2016-இல் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றமே அரசின் மறுப்பை ஏற்றுக்கொண்டது. தகவல் எல்லை தாண்டிப் போகிறது, மேற்பார்வை எல்லையிலேயே நின்றுவிடுகிறது. இதற்கு ஒரு சிறு தொடக்கத்தை பெல்ஜியம், டென்மார்க், நெதர்லாந்து, நார்வே, சுவிட்சர்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் மேற்பார்வை அமைப்புகள் செய்தன. ரகசியங்களை ஒருவருக்கொருவர் சொல்லச் சட்டம் இடம் தரவில்லை. அதனால் ஒரே பொருளை அவரவர் நாட்டில் தனித்தனியாக ஆராய்ந்து, எப்படி ஆராய்ந்தோம் என்பதை மட்டும் ஒப்பிட்டு, 2018-இல் கூட்டறிக்கை வெளியிட்டார்கள். கோப்பைப் பகிரச் சட்டம் வழிவிட வேண்டும் என்பதை அதில் வெளிப்படையாகவே கேட்டிருக்கிறார்கள்.